அழுகைப் பாட்டுக்காரர் வீட்டுக் கல்யாணம்

சிங்காரம் மெட்டுப் போட்ட பாட்டை எங்கள் ஊர் முதன்முதலில் கேட்டது ஒரு சாவு வீட்டில்தான். மணியக்காரர் காலமான அன்று திண்டிவனத்திலிருந்து துரைக்கண்ணு ரேடியோ செட்டோடு வந்து, வேப்பமரத்தில் குழாயைக் கட்டி, அந்த இசைத்தட்டை வைத்தான். அதுவரை ஒப்புக்கு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த பெண்கள் நிஜமாகவே அழ ஆரம்பித்துவிட்டார்கள். வரப்புத் தகராறில் மணியக்காரரோடு முகம் கொடுத்துப் பேசாதிருந்த பங்காளிகூடத் துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார். கூட்டத்தில் நின்றிருந்த சிங்காரத்தின் அப்பா அப்பாதுரை பக்கத்து ஆளின் தோளைத் தட்டி, "இது நம்ம புள்ள போட்ட பாட்டு" என்றார். சொல்வதற்கு அது இடமில்லை என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் வாய் நிற்கவில்லை.

பிரம்மதேசம் போகிற பாதையில் அப்பாதுரைக்குக் கிணற்றோடு கூடிய கொல்லை. ஒரு போகம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, ஒரு போகம் கேப்பை. மகன் சிங்காரத்தைக் கொல்லைக் காவலுக்கு அனுப்பினால் அவன் தெருக்கூத்து நடக்கிற ஊரில் ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். காட்டுப்பன்றி வந்து மல்லாட்டையைக் கிளறிவிட்டுப் போகும். அடித்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் விழுப்புரத்தில் கொட்டகை போட்டிருந்த நாடகக் கம்பெனியோடு அவன் கிளம்பிப் போய்விட்டான். அங்கிருந்து மெட்ராஸ். ஸ்டுடியோக்களில் பத்தோடு பதினொன்றாக ஆர்மோனியம் வாசித்து, ஒருவருக்கு உதவியாளாக இருந்து, கடைசியில் திரையில் தனியாகத் தன் பேரைப் பார்த்தான்.

அந்த முதல் படத்தில் கதாநாயகனின் அம்மா செத்துப் போவாள். அந்தப் பாட்டுத்தான் மணியக்காரர் வீட்டில் ஓடியது. அந்தக் கட்டம் வந்தால் திண்டிவனம் டெண்டுக் கொட்டகையில் தரை டிக்கெட்டு மணல் ஈரமாகிவிடும் என்று சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். அடுத்த படத்தில் அண்ணன் செத்தான். அதற்கடுத்ததில் பசுமாடு செத்தது, அதற்கும் சிங்காரம்தான். படம் எடுக்கிறவர்கள் கதை பேசும்போதே, எங்கே சாவு வருகிறதோ அங்கே சிங்காரம் என்று தீர்மானித்துவிடுவார்களாம். காதல் பாட்டு, கேலிப் பாட்டு, கல்யாணப் பாட்டு எல்லாம் வேறு ஆட்களுக்குப் போயின.

எங்கள் பக்கத்தில் அவன் பாட்டு இல்லாமல் பாடை கிளம்புவதில்லை என்று ஆயிற்று. எந்த ஊர்ச் சாவுக்குப் போனாலும் அப்பாதுரைக்குத் தனியாக நாற்காலி போட்டார்கள். யாராவது படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்றால் அப்பாதுரைக்கு வருத்தத்தோடு ஒரு குறுகுறுப்பும் சேர்ந்துகொள்ளும். ஊர்க் கிழவர் ஒருவர் துரைக்கண்ணுவை நிறுத்தியே கேட்டார்.

"ஏண்டா தொரக்கண்ணு, நான் போனா எந்தப் பாட்டு போடுவ?"

"உனுக்கு அந்தப் பசுமாட்டுப் பாட்டுதான், பெருசு."

"மாடு இன்னாத்துக்குடா எனக்கு? அம்மா செத்த பாட்டயே போடு. சோக்கா அழலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். சிங்காரத்தின் அம்மா வீரம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. மகன் பாட்டு தூரத்தில் கேட்டாலே அவள் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு, "யாரு வூட்ல?" என்றுதான் கேட்பாள்.

"ஊரு ஒலகத்துல எம்மாம் பாட்டு கீது" என்று ஒருநாள் கணவனிடம் பொரிந்து தள்ளினாள். "ஒரு காது குத்தறதுக்கு, ஒரு மஞ்ச நீராட்டுக்குப் போடறாப்பல எம் புள்ள ஒண்ணு போடக் கூடாதா? எம் புள்ள பேரக் கேட்டாலே எமன் வந்த மாதிரி பொம்பளைங்க பயப்படறாளுங்க."

"போடுவான், இருடி. நம்ம பொண்ணு அம்சா கல்யாணத்துக்கு அவன் பாட்டுதான் ஓடப்போவுது, பாரு."

அப்படிச் சொல்லிச் சொல்லி அது அப்பாதுரைக்கு ஒரு வேண்டுதல் மாதிரி ஆகிவிட்டது.

அம்சாவுக்கு வளவனூரில் இடம் அமைந்தது. நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். மாப்பிள்ளை ராஜாமணி சிவப்பாக, சாதுவாக இருந்தான். அவனுடைய அப்பா பெரியசாமி எதைக் கேட்டாலும் "அதுக்கின்னாங்க" என்கிற மனிதர். எங்கள் பக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில் நடப்பதுதான் முறை. அப்பாதுரை மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அந்த ஒன்றில் மட்டும் ஒற்றைக் காலில் நின்றார். பந்தல் தன் வீட்டு வாசலில்தான், குழாய் தன் வீட்டுப் பனைமரத்தில்தான். எதற்கு இப்படி அடம் பிடிக்கிறார் என்று சம்பந்தி வீட்டாருக்குப் புரியவில்லை. பெரியசாமி, "அதுக்கின்னாங்க" என்று விட்டுக்கொடுத்தார்.

வைகாசியில் முகூர்த்தம். சித்திரைக் கடைசியில் கிணற்றடிக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கு நடந்துகொண்டிருந்தது. கத்திரி வெயில். மண் இறுகிப் போயிருந்ததால் கிணற்றுத் தண்ணீரை லேசாகப் பாய்ச்சி ஈரம் காட்டி, செடியைக் கொத்தாகப் பிடித்து, வேர் அறுந்து காய் மண்ணிலேயே தங்கிவிடாமல் ஒரு சாய்ப்புச் சாய்த்து இழுக்க வேண்டும். மத்தியானம் எல்லாரும் புளியமர நிழலில் கூழ் குடிக்க உட்கார்ந்தபோது வளவனூர் வண்டி வந்து நின்றது. பெரியசாமி இறங்கினார். அவருக்குப் பின்னால் அவருடைய அக்கா கோவிந்தம்மாள் இறங்கினாள். தாயில்லாத ராஜாமணியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். கழுத்திலும் நெற்றியிலும் ஒன்றுமில்லை. நடையில் மட்டும் ஒரு அதிகாரம் இருந்தது.

வீரம்மாள் பதறி எழுந்தாள். "வூட்டுக்கு வாங்கண்ணி, சோறு ஆக்கறேன்."

"சோறு கெடக்குது. கூழு இருந்தா ஒரு சொம்பு குடு" என்று கோவிந்தம்மாள் மண்ணிலேயே உட்கார்ந்தாள். மரக்காணத்துக் கருவாட்டைச் சுட்டுக் கடித்துக்கொண்டு கேப்பைக் கூழைக் குடித்து முடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"எனுக்கு ஒளிச்சிப் பேசத் தெரியாதுங்க சம்மந்தி. உங்க புள்ள பாட்டு போடறவராமே?"

அப்பாதுரையின் முகம் மலர்ந்தது. "ஆமாங்க. மெட்ராஸ்ல பெரிய பெரிய ஆளுங்களுக்கெல்லாம்…"

"அந்த அம்மா செத்த பாட்டு?"

"அவன் போட்டதுதாங்க!"

"எங்க வூட்டுக்காரரு போனப்ப அதத்தான் போட்டானுங்க. எடுக்கற வரிக்கும் அதுவேதான், திருப்பித் திருப்பி. அப்பறம் கருமாதிக்கும் அதான். இன்னிக்கும் எங்கனா அது கேட்டா நான் போட்டது போட்டபடி உள்ள போயி கதவச் சாத்திக்குவேன்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா கல்யாண வூட்ல உங்க புள்ள பாட்டு ஒண்ணு கூட எங் காதுல வுழக் கூடாது. வுழுந்துச்சின்னா வண்டியப் பூட்டிக்கினு போய்க்கினே இருப்பேன். தாலி கட்டினாலும் சரி, கட்டாங்காட்டியும் சரி."

பெரியசாமி வெயிலைப் பார்த்துக்கொண்டு, "அக்கா சொன்னா சொன்னதுதாங்க" என்றார்.

அப்பாதுரையின் மடியில் ஒரு செடி கிடந்தது. அதிலிருந்த காய்களை ஒவ்வொன்றாக ஆய்ந்தார். எல்லாக் காயும் தீர்ந்த பிறகு, "சரிங்க, வுழாது" என்றார். அவர் கண் கலங்கியதைக் கோவிந்தம்மாளும் பார்த்தாள். பார்த்தும் அவள் இரங்கவில்லை.

சிங்காரம் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் காலை ரயிலில் திண்டிவனம் வந்து இறங்கினான். ஜிப்பா, தங்க பிரேம் கண்ணாடி, கையில் தகரப் பெட்டி, கூலியாள் தலையில் ஆர்மோனியம். ஆள் மெலிந்திருந்தான். வீட்டுக்குள் வந்ததும் பெட்டியைத் திறந்து, அம்மாவிடம் இரண்டு சின்னத் தட்டுகளைக் காட்டினான். துரைக்கண்ணு பாண்டிச்சேரி போய்ப் புது மிஷின் வாங்கியிருக்கிறான், அதில் சின்னத் தட்டும் ஓடும் என்று கேள்விப்பட்டு வாங்கி வந்தவை.

"மேல கீறது நாதஸ்வரம்மா, தொரக்கண்ணுக்கு. கல்யாணத்துல போடட்டும். அடியில கீறது நம்ம அம்மா செத்த பாட்டு. கம்பெனியில இப்ப சின்னத் தட்டுல போட்டுக்கீறாங்க. அது அப்பாவுக்கு, சும்மா ஞாபகத்துக்கு. வெளிய எடுக்காத."

"அத ஏண்டா இப்ப கொண்டாந்த?" என்று வீரம்மாள் வயிற்றில் அடித்துக்கொள்ளாத குறையாகப் பெட்டியை மூடினாள். பிறகுதான் கொல்லையில் நடந்ததைச் சொன்னாள்.

சிங்காரம் கோபித்துக்கொள்ளவில்லை. "அந்தம்மா சொல்றது நாயம்தானே" என்றான். "ஏம்மா, எனக்கு மட்டும் ஆசையில்லியா? இப்ப ஒரு படம் வந்துக்கீது. கல்யாண வூட்டுப் பாட்டு ஒண்ணு வேணும்ன்றாரு மொதலாளி. இருவது மெட்டு போட்டுக் காட்டிட்டேன். ஒவ்வொண்ணுக்கும் அந்த மனுசன் கண்ணத் தொடச்சிக்கினு, 'ரொம்ப நல்லா கீது, யாரு சாவறாங்க'ன்றாரு. ஊருக்குப் போயி வர்றப்ப மெட்டோட வந்தா வா, இல்லன்னா வேற ஆள வச்சிக்கிறேன்னு சொல்லிட்டாரு. இதுலயும் தோத்துட்டா அவ்ளோதாம்மா. ஆயுசுக்கும் பொணத்துக்குத்தான் பாடிக்கினு இருக்கணும்."

வாசலில் பந்தல்கால் நட்டாயிற்று. பக்கத்துக் களத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஈர மண் வாசனையும் பச்சைக் காயை வேகவைக்கிற வாசனையும் சேர்ந்து வந்தன. சிங்காரம் ஆர்மோனியத்தை அங்கேயே தூக்கிப்போய் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்தான். சந்தோஷமாக ஒரு மெட்டைப் பிடித்தான், அல்லது அப்படி நினைத்துக்கொண்டு பிடித்தான். ஆய்கிற கைகள் ஒவ்வொன்றாக மெதுவாகின. பாஞ்சாலி என்கிறவள் முந்தானையால் கண்ணை ஒற்றினாள்.

"எங்க மாமியாக்காரி ஞாபகம் வந்துடுச்சிப்பா. உயிரோட இருந்தப்ப நான் ஒரு வாய்த் தண்ணி குடுத்ததில்ல."

"இது கல்யாணப் பாட்டுக்கா!" என்றான் சிங்காரம்.

"யாரு கல்யாணம்பா, அவ்ளோ கஷ்டம்?"

களமே சிரித்தது. வேகமாக ஒன்று வாசித்துப் பார்த்தான். அதைக் கேட்டால் யாரோ ஓடி ஓடி அழுவதுபோல இருந்தது. மஞ்சள் பூசிய முகத்தோடு அம்சா வந்து அவன் பக்கத்தில் குந்தினாள்.

"ண்ணா, நல்லாத்தான் கீது. ஆனா எனக்கு ஏன் புகுந்த வூட்டுக்குப் போவ வேணாம்னு தோணுது?"

சிங்காரம் பெட்டியை மூடிவிட்டான். தங்கை தலையில் கைவைத்து, "நீ போயி நல்லா இரு. நான் பாத்துக்கிறேன்" என்றான். ஆனால் எதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவனுக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

கல்யாணத்தன்று விடிவதற்குள்ளேயே துரைக்கண்ணு பனைமரத்தில் குழாயைக் கட்டிவிட்டான். எங்கள் ஊருக்குக் கரண்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கரண்டில் ஓடுகிற அவன் புது மிஷினைப் பார்க்க மாப்பிள்ளையைப் பார்க்கிற கூட்டத்தைவிட அதிகக் கூட்டம். ஓரத்தில் ஒரு சின்னக் குச்சி இருந்தது. பெரிய தட்டு வேகமாகச் சுற்ற ஒரு இடம், சின்னத் தட்டு மெதுவாகச் சுற்ற ஒரு இடம் என்று அதைத் தள்ளிவைக்க வேண்டும். பாண்டிச்சேரிக் கடைக்காரன் சொல்லித்தான் கொடுத்திருந்தான். ஆனால் துரைக்கண்ணுவிடம் இருந்ததெல்லாம் பெரிய தட்டு. அவன் அந்தக் குச்சியைத் தொட்டதே இல்லை.

வளவனூர் வண்டிகள் வரிசையாக வந்தன. கோவிந்தம்மாள் இறங்கியதும் பனைமரத்துக் குழாயை ஒரு பார்வை பார்த்தாள். அப்பாதுரை கும்பிட்டார். முகூர்த்த நேரத்தில் அவளே போய்ப் பந்தலின் கடைசிக் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். வளர்த்த பிள்ளை தாலி கட்டுவதை அங்கிருந்து எட்டித்தான் பார்த்தாள். வீரம்மாள் போய்க் கூப்பிட்டும் முன்னால் வரவில்லை.

தாலி ஏறிற்று. மேளக்காரர்கள் பந்திக்குப் போனார்கள். கூட்டம் இலையில் இருந்தது. சாம்பார், கத்தரிக்காய்க் கூட்டு, மல்லாட்டை போட்ட புளிக்குழம்பு, பாயசம். மேளமும் இல்லை, பாட்டும் இல்லை. கல்யாண வீடு திடீரென்று ஓய்ந்துபோனது துரைக்கண்ணுவுக்குப் பிடிக்கவில்லை.

"யக்கா, சிங்காரம் எனக்கு நாதஸ்வரத் தட்டு கொண்டாந்துதாமே. ஜல்தி குடு, சும்மா கெடக்குது மிஷினு" என்று வீரம்மாளிடம் வந்து நின்றான்.

வீரம்மாள் உள்ளே ஓடினாள். மேலே இருப்பது துரைக்கண்ணுவுக்கு என்று மகன் சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. காலையில் மகன் வாங்கி வந்த பட்டுப்புடவையை உருவியபோது பெட்டியிலிருந்த சாமான் எல்லாம் புரண்டது மட்டும் நினைவில்லை. மேலே இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். அட்டையில் இருந்த இங்கிலீஷை அவளாலும் படிக்க முடியாது, துரைக்கண்ணுவாலும் முடியாது. அவன் பயபக்தியோடு சின்னத் தட்டை வைத்து முள்ளை இறக்கினான். குச்சி இருந்த இடத்திலேயே இருந்தது.

பனைமரத்திலிருந்து ஒரு பாட்டுத் துள்ளி இறங்கியது.

அதை என்னவென்று சொல்வது! புல்லாங்குழலா பிடிலா என்று தெரியாத ஏதோ ஒன்று முன்னால் ஓட, அதைத் துரத்திக்கொண்டு தபேலா ஓடியது. பிறகு ஒரு குரல், சிறுமியா கிளியா என்று சொல்ல முடியாத குரல், மூச்சு விடாமல் படபடவென்று பாடியது. வார்த்தை ஒன்றுகூடப் புரியவில்லை. யாருக்கும் புரிய வேண்டியும் இருக்கவில்லை. பந்தியில் இருந்த குழந்தைகள் பாயசக் கையோடு எழுந்து குதித்தன. மாப்பிள்ளைத் தோழன் தோளிலிருந்த துண்டை எடுத்துச் சுழற்றினான். களத்தில் மல்லாட்டை ஆய்ந்த பெண்களுக்குக் கை தானாகத் தாளம் போட்டது. பாஞ்சாலி எழுந்து, "வாங்கடி!" என்றாள். பந்தலுக்கு வெளியே ஒரு கும்மி வட்டம் சேர்ந்துவிட்டது.

சிங்காரம் அப்போது சாம்பார் வாளியோடு பந்தியில் நின்றிருந்தான். கரண்டி பாதியில் நின்றது. இதுதான், மூன்று மாதமாக அவன் தேடின மெட்டு இதுதான். எவனோ ஒருவன் அதைக் கண்டுபிடித்து, போட்டு, தட்டும் அடித்துக் குழாயில் விட்டுவிட்டான். பொறாமையாக இருந்தது. அழுகையே வந்துவிட்டது அவனுக்கு. எவன் அவன் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று வாளியோடு செட்டுக்கு ஓடினான்.

"யாரு பாட்டுடா இது?"

"நீ குடுத்த நாதஸ்வரம்தான்" என்றான் துரைக்கண்ணு பெருமையாக.

சிங்காரம் குனிந்தான். காற்றாகச் சுற்றிக்கொண்டிருந்த தட்டில் எழுத்து எதுவும் பிடிபடவில்லை. பக்கத்தில் கிடந்த அட்டையை எடுத்துப் பார்த்தான். அதில் அவன் பேர் இருந்தது. குச்சியைப் பார்த்தான். அது பெரிய தட்டு ஓடுகிற இடத்தில் இருந்தது. சாம்பார் வாளி கையிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்தது, நல்லவேளை கவிழவில்லை.

"இன்னா, நிறுத்திடட்டுமா?" துரைக்கண்ணு அவன் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்க் கையை நீட்டினான்.

"கைய வச்ச, முறிச்சிடுவேன்!"

அதற்குள் அப்பாதுரை வந்துவிட்டார். "யாரு பாட்டுடா? சோக்கா கீதே. இப்படி ஒண்ணு நீ போடக் கூடாதா?"

"நான்தாம்பா போட்டேன்."

"எப்படா?"

சிங்காரம் அப்பாவின் காதோடு சொன்னான். அப்பாதுரையின் முகத்தில் இருந்த மலர்ச்சி அப்படியே இருக்க, கண் மட்டும் பிதுங்கியது. "அம்மா செத்த…" என்று ஆரம்பித்துத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். பந்தலின் கடைசிக் காலைப் பார்த்தார். அங்கே கோவிந்தம்மாள் இல்லை. செட்டை நோக்கி நேராக வந்துகொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்து முள் கறகறத்தது. மூன்று ஆண்களும் மிஷினை மறைத்துக்கொண்டு நின்றார்கள். கோவிந்தம்மாள் அவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். கடைசியில் துரைக்கண்ணுவிடம், "இன்னொரு வாட்டி போடு" என்றாள்.

துரைக்கண்ணு போட்டான். அவள் கொஞ்ச நேரம் குழாயைப் பார்த்தபடி தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, நேரே போய்க் கும்மி வட்டத்துக்குள் நுழைந்தாள். பெண்கள் ஒரு கணம் திகைத்து, பிறகு இடம் விட்டார்கள். அந்த வயதுக்கு அவள் குனிந்து நிமிர்ந்து கை தட்டியதைப் பார்க்க வேண்டுமே! மணவறையில் உட்கார்ந்திருந்த ராஜாமணி, "அத்தே!" என்று வாய் விட்டுக் கூப்பிட்டுவிட்டான். புதுப்பெண் என்பதையும் மறந்து அம்சா கை தட்டினாள். அந்தத் தட்டு அன்றைக்கு எத்தனை முறை ஓடியது என்று யாரும் எண்ணவில்லை.

அப்பாதுரை பனைமரத்தடியில் நின்று ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் பாட்டு மகள் கல்யாணத்தில் ஓடுகிறது. அதை ஒருவரிடமும் சொல்ல முடியாது. தோளைத் தட்டிச் சொல்ல ஆள் தேடிய கை, வீரம்மாளின் தோளில் போய் விழுந்தது. அவளிடம் சொன்னார். அவள் திரும்பிக் கோவிந்தம்மாளைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

வெயில் தாழ்ந்து வண்டி பூட்டினார்கள். அம்சா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுது முடித்து ஏறிக்கொண்டாள். கோவிந்தம்மாள் ஏறுவதற்கு முன் சிங்காரத்தை விரல் காட்டிக் கூப்பிட்டாள்.

"தம்பி, இங்க வா. அந்தப் பாட்டு நீ போட்டதுதானே?"

சிங்காரம் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அப்பாதுரை முன்னால் ஓடிவந்து, "சம்மந்தியம்மா, தெரியாம நடந்துபோச்சி. வேணும்னு செய்யல. எம் பொண்ணு மேல…" என்று கும்பிட்டார்.

"நீங்க இருங்க சம்மந்தி." அவள் சிங்காரத்தையே பார்த்தாள். "அம்மா செத்த பாட்டுதானே?"

"ஆமாங்கத்தே" என்றான் தலையைக் குனிந்தபடி. "எப்பிடித் தெரிஞ்சிது?"

"ஏம்பா, அதக் கேட்டு எத்தினி நாளு அழுதவ நானு. மொத அடி முடியறதுக்குள்ள புடிச்சிட்டேன்."

"அப்பறம் ஏங்கத்தே ஒண்ணும் சொல்லல?"

கோவிந்தம்மாள் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வண்டியப் பூட்டச் சொல்லத்தான் வந்தேன். வர்றப்பவே மனசு மாறிப்போச்சி. எங்க வூட்டுக்காரரு எதுலயும் அவசரக்காரரு. சோறு தின்னா அவசரம், நடந்தா அவசரம், பேசனா ஒருத்தருக்கும் புரியாது. அந்தப் பாட்டு இப்பிடி ஓடறப்ப அந்த மனுசன் எதுத்தாப்பல வந்து படபடன்னு பேசறாப்பல இருந்துச்சி. அவரு செத்தத நெனச்சிக்கினேதாம்பா இத்தினி நாளா இருந்தேன். உயிரோட இருந்தத இன்னிக்குத்தான் நெனச்சேன்."

சிங்காரம் அவள் காலில் விழப்போனான். அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"மெட்ராசுக்குப் போயி இத இப்பிடியே போடு. மெதுவாப் போட்டியோ, உன் தங்கச்சியத் திருப்பி அனுப்பிடுவேன்."

அடுத்த நாளே அவன் ரயிலேறினான். ஆர்மோனியத்தைத் திறந்து முதலாளிக்கு முன்னால் அதை வாசித்தபோது அவர் கண்ணைத் துடைக்கவில்லை. மேசையில் தாளம் போட்டார். அதே மெட்டுத்தான், ஓட்டம் மட்டும் வேறு. புது வார்த்தை, பெண் குரல், நடுவில் நிஜமான கும்மிச் சத்தம். தீபாவளிக்குப் படம் வந்தது. அதற்கப்புறம் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை அந்தப் பாட்டு ஓடாத கல்யாணப் பந்தல் இல்லை. சிங்காரத்துக்குக் காதல் பாட்டும் வந்தது, கேலிப் பாட்டும் வந்தது. தூரத்தில் மகன் பாட்டுக் கேட்டால் வீரம்மாள் இப்போதும், "யாரு வூட்ல?" என்றுதான் கேட்டாள், சாப்பாடு எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்வதற்காக.

தலைதீபாவளிக்கு அம்சாவையும் ராஜாமணியையும் கூட்டிக்கொண்டு கோவிந்தம்மாள் எங்கள் ஊருக்கு வந்தாள். எல்லாரும் வண்டி கட்டித் திண்டிவனம் டெண்டுக் கொட்டகைக்குப் போய்ப் படம் பார்த்தோம். கல்யாணப் பாட்டு வந்தபோது தரை டிக்கெட்டு முழுக்க எழுந்து ஆடியது. மணல் கண்ணில் விழுந்தது. படம் விட்டு வெளியே வந்ததும் கொட்டகை வாசலில் துரைக்கண்ணு நின்றிருந்தான். கோவிந்தம்மாள் அவனிடம் போனாள்.

"ஏம்பா, நான் போய்ச் சேர்ந்தா வளவனூருக்கு நீதான் வந்து செட்டு கட்டணும், தெரிஞ்சிதா?"

"அப்பிடியெல்லாம் சொல்லாதீங்கம்மா."

"சொல்லி வைக்கணும்ல? அம்மா செத்த பாட்டத்தான் போடணும். புதுசு வேணாம், அதேதான். ஆனா மிஷின்ல ஒரு குச்சி கீதுன்னு சிங்காரம் சொல்லுச்சே, அத அன்னிக்கு இருந்த எடத்துலயே வையி."

"அங்கயேதாம்மா கீது" என்றான் துரைக்கண்ணு. "கல்யாணத்தன்னிக்கே குங்குமம் வச்சி அடையாளம் போட்டுட்டேன்."

கோவிந்தம்மாள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினாள்.